சொல்லித்தராத துரோணர்கள்

தொழில்முனைவோர் படிக்கும் மாத இதழ் ஒன்றில் போன மாதம் ஒரு கட்டுரை வந்தது. அப்ரண்டிஸ் எடுக்குமுன் முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லும் கட்டுரை. எழுதியவர் தொழிலதிபர், சங்க மேடைகளில் பொன்னாடை வாங்கிப் பழகிய தோள்களுக்குச் சொந்தக்காரர். பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவையிலிருந்து ஓசூர் வரை ஹோட்டல் ஹால்களில் சூப் ஆறும் நேரத்தில் பலரும் பேசிப் பேசித் தேய்ந்த பழைய பேச்சுக்கு முன்னால் ஒரு குருகுலத்தையும் பின்னால் ஒரு ஆடம் ஸ்மித்தையும் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். தையல்காரரின் பெயர் எதற்கு? எட்டுப் பக்கம். முதலாளி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எட்டுப் பக்கம் எழுதியவர், அந்தப் பையன் எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறான் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இதை நான் இரண்டாம் தடவை படித்தபோதுதான் கவனித்தேன். முதல் தடவை கோபத்தில் எழுத்தே தெரியவில்லை.

நானும் எண்பதுகளின் கடைசியில் ஆக்ட் அப்ரண்டிஸாக, அதாவது அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெறுபவனாக, இருந்தவன். இன்று கோவை கணபதியில் ஆறு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஆகவே இது தொழிலாளி முதலாளியைத் திட்டும் கட்டுரை என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாசம் பிறந்தால் கரண்ட் பில்லைப் பார்த்து எனக்கும் வயிறு கலங்கும்.

முதல் குற்றச்சாட்டு, அப்ரண்டிஸ் ஒரு பாரம். ஆறு மாதத்துக்கு அவனால் உற்பத்தி கிடையாது, மெஷினை அடைத்துக்கொள்கிறான், டூல் பிட்டை உடைக்கிறான், ஜாப்பைக் கெடுக்கிறான், சீனியர் டர்னரின் நேரத்தைத் தின்கிறான் என்கிறார் மூன்றாம் பக்கத்தில். அத்தனையும் உண்மை. கார்பைட் டிப் உடையும், பிட்ச் தப்பிய திரெட்டோடு போல்ட்டு பழைய இரும்புக்குப் போகும். கற்றுக்கொள்கிறவன் கெடுக்கத்தான் செய்வான். கெடுக்காமல் கற்றவர் யாராவது இருந்தால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் அதே கட்டுரையின் ஆறாம் பக்கத்துக்கு வாருங்கள். ஆர்டர் குவியும் மாதங்களில் அப்ரண்டிஸ்களை நேரடியாக லைனில் நிறுத்திவிடுங்கள், இரண்டு ஆபரேட்டர் செய்யும் வேலையை மூன்று பையன்கள் சமாளிப்பார்கள், கூலிச் செலவு பாதியாகும் என்று முதலாளிகளுக்கு ரகசிய வைத்தியம் சொல்கிறார். மூன்றாம் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாதவன் ஆறாம் பக்கத்தில் லைனையே தாங்குகிறான். நடுவே இருக்கும் இரண்டு பக்கத்தில் அவனுக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை. பிறகு இது என்ன திருவிளையாடல்? உண்மையில் அவன் மாறவில்லை. ஸ்டைபண்ட் கொடுக்கும்போது ஒரு தராசிலும் வேலை வாங்கும்போது இன்னொரு தராசிலும் அவனை நிறுக்கிறார்கள், அவ்வளவுதான்.

தராசு என்று வந்ததால் எடையையும் பார்த்துவிடுவோம். 2019-இல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்த பையனுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாதம் 7,000 ரூபாய். தேசியப் பயிற்சி ஊக்குவிப்புத் திட்டம் 2016-இல் வந்ததிலிருந்து, ஸ்டைபண்டில் கால் பங்கை, 1,500 ரூபாய் உச்சவரம்பு வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. மீதி 5,500. மாதம் 26 வேலைநாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 212 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. பி.எஃப். பிடித்தம் இல்லை, இ.எஸ்.ஐ. பங்களிப்பு இல்லை, போனஸ் இல்லை. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவன் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவன். சங்கக் கூட்டத்தில் ஒரு சாப்பாட்டு இலைக்கு ஆகும் செலவு இதைவிடக் கூடுதல் என்பதைப் பொருளாளராகவும் இருந்த கட்டுரையாளருக்கு நான் சொல்ல வேண்டுமா? இந்த 212 ரூபாயைத்தான் அவர் தேசத்துக்குத் தாம் செய்யும் தர்மம் என்று எழுதுகிறார். கர்ணன் கேட்டிருந்தால் கவசத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

இரண்டாவது, சட்டம் கழுத்தில் விழும் சுருக்கு என்பது. அதிகாரி வருவான், வழக்குப் போடுவான், கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்று சின்ன முதலாளிகளைப் பயமுறுத்துகிறார். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை இருந்தது வாஸ்தவம். 2014-இல் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டது. கட்டாய எண்ணிக்கையை நிரப்பாத முதலாளிக்கு அந்தத் திருத்தம் வைத்த தண்டனை, நிரப்பாமல் விட்ட ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதம் 500 ரூபாய், அதன்பிறகு மாதம் 1,000 ரூபாய் அபராதம். தூக்குக்கயிறு என்கிறாரே, அந்தக் கயிறு 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதிலும், கட்டாயம் என்பது 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் நூற்றுக்கு இரண்டரைப் பேராவது இருக்க வேண்டும், 15 பேருக்கு மேல் கூடாது. 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகளுக்கு விருப்பம் இருந்தால் எடுக்கலாம். யாரைப் பயமுறுத்துவதற்காக எழுதினாரோ அந்தச் சின்ன முதலாளிகளை இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவே இல்லை. தெரியாமல் எழுதினாரா? தெரியாமல் எழுதியிருந்தால் அந்தத் தலைப்பில் எழுதும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே எழுதியிருந்தால் அவர் கவலை சின்ன முதலாளிகளைப் பற்றியது இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவரிடமே விடுகிறேன்.

அவர் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் சுவை. பயிற்சியோடு சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டிஸை ஈடுபடுத்துவதே குற்றம் என்கிறது 30-ஆவது பிரிவு. டீ வாங்கி வரச் சொல்வது, லாரியில் லோடு ஏற்றச் சொல்வது, எம்.டி. வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற அனுப்புவது எல்லாம் இதில் அடக்கம். (கடைசியாகச் சொன்னதை நான் செய்திருக்கிறேன், பாயசம் நன்றாக இருந்தது.) பீஸ் ரேட்டில் அவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்தில் இழுத்துவிடக் கூடாது என்கிறது 13-ஆவது பிரிவு. ஏன் இப்படி ஒரு விதி? எண்ணிக்கைக்கு ஓடுகிறவன் கற்றுக்கொள்ள மாட்டான் என்று 1961-இலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஓவர்டைம் வேண்டுமென்றால் பயிற்சி ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும், அவரும் பயிற்சிக்காகவோ பொதுநலனுக்காகவோ மட்டுமே ஒப்புக்கொள்ளலாம். ஆறாம் பக்கத்து ரகசிய வைத்தியம் இந்த மூன்று விதிகளோடும் எப்படிப் பொருந்தும் என்று கட்டுரையாளர் ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம். சட்டத்தைச் சுருக்கு என்று சபிக்கிறவர், அந்தச் சுருக்கு எந்தக் கையைக் கட்டுகிறது என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்.

மூன்றாவது புலம்பல்தான் கூட்டங்களில் அதிகமாகக் கைதட்டல் வாங்குவது. நாம் சொல்லிக்கொடுப்போம், பையன் பக்கத்துக் கம்பெனி ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஓடிவிடுவான், அவனைப் பிடித்துவைக்கச் சட்டத்தில் வழியே இல்லை என்கிறார். வழி இல்லையா? 22-ஆவது பிரிவை அவர் எந்தப் பிரதியில் படித்தார்? பயிற்சி முடிந்தபின் இத்தனை காலம் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டால் பையன் அதற்குக் கட்டுப்பட்டவன். ஆனால் அதே மூச்சில் முதலாளியும் அவனுக்குத் தகுந்த வேலை கொடுக்கக் கட்டுப்பட்டவர் ஆகிறார். இப்போது புரிகிறதா, ஏன் அந்தப் பிரிவு கட்டுரையில் காணாமல் போயிற்று என்று? கயிற்றின் ஒரு முனை மட்டும்தான் அவருக்கு வேண்டும். பையன் ஓடக் கூடாது, நான் அவனை அனுப்பிவிடலாம். இதைக் காதலில் சொன்னால் ஊரே காறித் துப்பும். தொழிலில் சொன்னால் மனிதவள மேலாண்மை.

தகுதி சமமாக இருக்கும்போது வெளியாளைவிட அங்கேயே பயிற்சி முடித்தவனுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. ஒவ்வொரு முதலாளியும் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கென்று தன் சொந்தக் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014 திருத்தமும் சொல்கிறது. கட்டுரையாளரின் தொழிற்சாலையில் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா? இருந்தால் அடுத்த இதழில் அச்சிடட்டும், நான் என் செலவில் நூறு பிரதி எடுத்து ஐ.டி.ஐ. வாசல்களில் ஒட்டுகிறேன். பொருளாதாரம் பேசுகிறவர் என்பதால் இன்னொன்று: எங்கும் செல்லுபடியாகும் திறமையைக் கற்றுக்கொள்கிறவன், கற்கும் காலத்தில் குறைந்த கூலியை ஏற்பதன் வழியாக அதற்கான செலவைத் தானே கொடுத்துவிடுகிறான் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-லேயே எழுதிவிட்டார். உங்கள் கையிலிருந்து 212 ரூபாய் மட்டும் வாங்கி ஒரு நாள் நின்ற பையன் உங்கள் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுகிறான்.

பெக்கரே இப்படி என்றால், ஸ்மித்திடம் போனது இன்னும் பெரிய பிசகு. நீண்ட காலப் பயிற்சி வீண் என்று ஆடம் ஸ்மித்தே சொல்லியிருக்கிறார் என்று பெருமையோடு மேற்கோள் காட்டுகிறார். சொன்னார்தான், 1776-இல். இங்கிலாந்தில் 1563-இல் வந்த சட்டம் ஒரு தொழிலைச் செய்ய ஏழு வருஷப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்தச் சுவர் 1814-இல்தான் இடிந்தது. ஸ்மித் கோபப்பட்டது, வெளியாள் தொழிலுக்குள் வராதபடி அந்தச் சுவரைக் கட்டிக்கொண்ட மாஸ்டர்கள் மீது. கூலி இல்லாமல் வேலை செய்கிறவன் சோம்பேறியாகத்தான் இருப்பான், அவன் செய்யும் கொஞ்ச வேலைக்கும் முதல் நாளிலிருந்தே உரிய கூலியைக் கொடுத்துவிட்டால் அக்கறையோடு கற்றுக்கொள்வான் என்பது அவர் வாதம். அப்படிச் செய்தால் நஷ்டப்படப்போவது யார் என்றும் அவரே சொல்லிவிடுகிறார்: ஏழு வருஷமாகப் பையனுக்குக் கொடுக்காமல் மிச்சம்பிடித்த கூலியை இழக்கப்போகும் மாஸ்டர். சாட்சிக் கூண்டில் தாமாகவே கூட்டிவந்து நிறுத்திய சாட்சி, நீதிபதியைப் பார்த்து, கூட்டிவந்தவரையே கைகாட்டினால் வக்கீல் என்ன செய்வார்? நம் வக்கீல் புன்னகையோடு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தைப் படிக்காமல் யாரோ எடுத்துக்கொடுத்த ஒரு வரியை வைத்துக் கட்டுரை எழுதினால் இப்படித்தான்.

இனி அந்தக் குருகுலம். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பணிவு இல்லை, அந்தக் காலத்தில் சீடன் குரு வீட்டு மாட்டைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் பாடம் கேட்பான் என்று உருகுகிறார். உருகிய வேகத்தில் ஏகலைவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்: கேட்டதும் தயங்காமல் கொடுத்தானே, அதுவல்லவா குருபக்தி! தொழிற்சாலைப் பயிற்சியைப் பற்றிய கட்டுரையில் இதைவிடக் கச்சிதமான ஒரு கதையை நான் வலைபோட்டுத் தேடியிருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன். துரோணர் அவனுக்கு ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தாரா? அம்பை எப்படிப் பிடிப்பது என்றாவது காட்டினாரா? சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்று துரத்தியவர், தக்ஷிணை வாங்க மட்டும் காட்டுக்குள் தேடி வந்தார், அதுவும் கட்டைவிரல். பவர் பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவைத்துவிட்டு, சொல்லித்தராமல் லைனில் நிறுத்தப்பட்ட பையன்களிடமும் இதே கட்டைவிரலைத்தான் கேட்கிறார்கள். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு என்று 16-ஆவது பிரிவு இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு அத்தியாயங்கள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும் என்று 14-ஆவது பிரிவு இருக்கிறது. முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ற எட்டுப் பக்கத்தில் இவை இரண்டுமே இல்லை. மாடு குளிப்பாட்டுவதற்கு ஒரு பத்தி இருக்கிறது.

என் முதல் நாளைச் சொல்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் லேத்தை ஓட்டவே விடவில்லை. சக் கீயைக் கையில் கொடுத்து மாட்டச் சொன்னார், மாட்டினேன். ஜாவைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். பிறகு, "தம்பி, அந்த வெர்னியரை எடு" என்றார். கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். மெஷின் மெயின் ஆஃப்பில்தான் இருந்தது. "இப்ப ஓடியிருந்தா அந்தச் சாவி எங்கே இருக்கும், சொல்லு பாக்கலாம்?" என்று கேட்டு, என் நெற்றியில் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார். அதன்பிறகு ஒரு வாரம் அதே வேலை: மாட்டு, திற, மூடு, கழற்று; கீ சக்கில் இருக்கும்வரை கை அதைவிட்டு எடுபடக் கூடாது. அந்த வாரம் என் உற்பத்தி பூஜ்யம். கட்டுரையாளரின் பேரேட்டில் அது சுத்த நஷ்டம். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பத்து விரலோடு இருக்கிறேனே, இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பார்?

கடைசிப் பக்கத்தில் அவர் தரும் பரிந்துரைக்கு வருவோம். பூனைக்குட்டி அங்கேதான் வெளியே வருகிறது. ஆக்ட் அப்ரண்டிஸ் வேண்டாம், பதிவு, ஒப்பந்தம், தேர்வு, சான்றிதழ் என்று தொந்தரவு. "கம்பெனி டிரெய்னி" என்று எடுத்துக்கொள்ளுங்கள், பதினைந்து பதினாறு மாதத்தில் மாற்றிவிடுங்கள் என்கிறார். ஏன் பதினைந்து பதினாறு? பஞ்சாங்கத்தில் பார்த்த நல்ல நேரமா? தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மாதம் 26 நாளாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினெட்டரை மாதத்தில் 480 வந்துவிடும். ஆக, அவர் பயப்படுவது பையனின் அறியாமைக்கு அல்ல, காலண்டருக்கு. பயிற்சி என்ற சொல்லை இப்படிப் போர்வையாக்குவது இந்த மண்ணில் புதிதா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் வயசுப்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டி, அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று மஞ்சள் பூசிய பெயரும் வைத்தார்களே, அந்தப் பெண்களின் பெயரும் மில் ஏட்டில் அப்ரண்டிஸ்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாக நின்றாலும் அந்தப் பணம் கைக்கு வராது என்பதுதான் ஊர் பேசிய குறை. ஸ்பின்னிங் ஃப்ரேமில் அறுந்த இழையை முடிச்சுப்போட மூன்று வருஷப் பயிற்சி எதற்கு என்று அன்றைக்கு எந்தச் சங்க மேடையிலாவது யாராவது ஸ்மித்தை மேற்கோள் காட்டினார்களா?

ஜெர்மனியைப் பாருங்கள் என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். பார்த்தேன். அங்கே தொழிற்கல்விக்கென்று 1969-லேயே சட்டம் வந்துவிட்டது, பையன் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறான், சொல்லிக்கொடுக்கும் ஆளே அதற்கென்று தேர்வெழுதித் தேற வேண்டும். நம் கட்டுரையாளர் அந்தத் தேர்வை எழுதத் தயாரா?

நம் சட்டமும் இதைத்தான் எளிமையாகக் கேட்கிறது. முதலாளிக்கே தொழில் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாகப் போட வேண்டும் என்கிறது 11-ஆவது பிரிவு. அப்படி ஒருவரைப் போடுகிறார்களா? சில வருஷத்துக்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு ஜாப் ஒர்க் பேசப் போயிருந்தேன். காத்திருந்த மேஜையில் அப்ரண்டிஸ்களின் பயிற்சிப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. சும்மா ஒன்றைப் புரட்டினேன். பதினோரு மாதத்துப் பாடங்களும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதப்பட்டிருந்தன. ஜூலை மாதத்துக்கு எதிரே "திரெட் கட்டிங்" என்று இரண்டு தடவை இருந்தது, ஆகஸ்ட் மாதம் காணவே காணோம். பொறுப்பாளர் கையெழுத்து அத்தனை கட்டத்திலும் அழகாக இருந்தது. வெளியே ஷெட்டில் அந்தப் பதிவேட்டுக்குச் சொந்தக்காரப் பையன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். திரெட் கட்டிங் தெரியுமா தம்பி என்று கேட்டேன். "அது உள்ளே சி.என்.சி.ல ஓடுதுங்க சார், எங்களை விட மாட்டாங்க" என்றான். மறுநாள் இதே தொழிற்சாலைதான் சங்கக் கூட்டத்தில், ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்று அலுத்துக்கொண்டது.

என் பட்டறையில் இப்போது ஒரு பையன் இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன்தான், ஆனாலும் மூன்று வாரமாக வைஸில் ஒரு எம்.எஸ். கட்டியைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருக்கிறான். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு ஓரத்தில் இன்னும் வெளிச்சம் கசிகிறது. இன்று காலை அவனே அதைப் பார்த்துவிட்டு, நான் கேட்கும் முன்பே திரும்பக் கட்டியை வைஸில் மாட்டினான். நாளைக்குச் சக் கீயைக் கையில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கட்டுரையாளர் கணபதிப் பக்கம் வந்தால் எட்டிப்பார்க்கட்டும். பெஞ்சில் இன்னொரு வைஸ் காலியாகத்தான் இருக்கிறது, ஐ.டி.ஐ. தேறியவர் என்றால் 7,000 கொடுத்துவிடலாம், இல்லையென்றால் 5,000-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.